புல்லட் ஓட்டின கைக்கு நாலு சக்கரம் ஏன் அடங்க மறுக்கிறது?

குடியாத்தத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் உங்களுக்கு 9 ஏக்கர் மாந்தோப்பு. உரமூட்டை, மருந்து டேங்க், காய்க் கூடை ஏற்றிப்போகலாம் என்று மச்சானிடமிருந்து பழைய ஏ.டி.வி. ஒன்றை, அதாவது பைக் மாதிரி சீட்டும் ஹேண்டில்பாரும் வைத்து, கரடுமுரடான தரையில் ஓட்டுகிற நாலு சக்கர வண்டியை, வாங்கியிருக்கிறீர்கள். 15 வருடமாக புல்லட் ஓட்டுகிறவர். ஆனால் இந்த வண்டி திருப்பினால் திரும்பாமல் நேராகவே போகிறது, மேட்டில் ஏறினால் முன்சக்கரம் தூக்குகிறது, ஒருமுறை வேலியில் போய்த்தான் நின்றது. எப்படிப் பழகுவது, எங்கே பழகுவது, 12 வயதுப் பையன் ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் சில வருடம் ஒரு சாகசப் பூங்காவில் இந்த வண்டிகளை ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். இப்போது அணைக்கட்டு ஊர்ப் பக்கம் சொந்தக் கொல்லையில் ஒன்று வைத்து வேலைக்கு ஓட்டுகிறேன். கற்றுக்கொடுக்கச் சிரமமான ஆள் யார் என்று என்னைக் கேட்டால், சைக்கிள்கூடத் தெரியாதவரைச் சொல்ல மாட்டேன். பத்துப் பதினைந்து வருடம் பைக் ஓட்டினவரைத்தான் சொல்வேன். வண்டியில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு, உங்கள் கையிலும் பழுது இல்லை. பைக்கில் நீங்கள் ஓட்டுநர். இதில் நீங்கள் பாரம், அதுவும் நினைத்தபடி நகரக்கூடிய ஒரே பாரம். சாதாரண 250 சிசி வண்டி 200 கிலோ என்றால், 70 கிலோ ஆள் ஏறியதும் மொத்தத்தில் கால்வாசி நீங்கள்தான். அந்தக் கால்வாசியை எப்போது முன்னே தள்ளுவது, எப்போது பின்னே, எப்போது பக்கத்தில் என்பதுதான் பாதிப் படிப்பு. மீதிப் பாதி, பைக் சொல்லிக்கொடுத்ததை மறப்பது. மறப்பதுதான் கஷ்டம், அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் கால். பைக் சாய்ந்தால் உங்களைக் கேட்காமலே கால் தரைக்குப் போகும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், காய்ந்த தரையில் மெதுவாக இடது பக்கம் திருப்பினேன். வண்டி லேசாகத் தூக்கியது. பழக்க தோஷத்தில் இடது காலைக் கீழே வைத்தேன். இந்த வண்டியில் கால் வைக்கும் பலகைக்கு நேர் பின்னால் ஒரு சாண் தூரத்தில் பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கால் தரையில் நின்றது, வண்டி நிற்கவில்லை. டயர் குதிகாலின் மேல் ஏறி, காலைப் பின்னால் இழுத்து, என்னைக் கீழே கிடத்திவிட்டு, நாலடி போய் நின்றது. எலும்பு முறியவில்லை என்றாலும் மூன்று வாரம் நொண்டினேன். அன்றிலிருந்து புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் நான் சொல்கிற முதல் வார்த்தை இதுதான்: வண்டி முழுக்க நிற்கும்வரை இரண்டு காலும் பலகையிலேயே இருக்கவேண்டும். இதை வாயால் சொன்னால் ஏறாது. வண்டியை நிறுத்திவைத்துவிட்டு, பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்து ஆட்டச் சொல்லுங்கள். கால் எத்தனை முறை கீழே இறங்கத் துடிக்கிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

இரண்டாவது, கட்டைவிரல். பைக்கில் முறுக்குகிறோம், இதில் வலது கட்டைவிரலால் ஒரு சிறு நெம்புகோலைத் தள்ளுகிறோம். சரி, அதில் என்ன? ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கினால் உடம்பு பின்னால் போகும், விழாமல் இருக்கக் கை இறுக்கிப் பிடிக்கும், இறுகுகிற கையோடு கட்டைவிரலும் அமுங்கும், வண்டி பாயும், பாய்ந்ததும் கை இன்னும் இறுகும். நீங்கள் வேலியில் போய் நின்ற கதை இதுவாகத்தான் இருக்கும். இதற்கு மருந்து, நாலு விரல் பிடிக்க, கட்டைவிரல் சும்மா தொட்டுக்கொண்டிருக்க என்று கையைப் பழக்குவது. வீட்டில் யாரையாவது தூரத்தில் நிற்கவைத்து, நீங்கள் மெதுவாக ஓட்டும்போது திடீரென்று "விடு" என்று கத்தச் சொல்லுங்கள். சத்தம் கேட்ட நொடியில் கட்டைவிரல் மேலே வரவேண்டும். ஒரு நாள் காலையில் இருபது முறை செய்தால் போதும். பல வண்டிகளில் அந்த நெம்புகோல் பெட்டியிலேயே ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதை உள்ளே திருகினால் ஆக்சிலேட்டர் பாதிக்கு மேல் போகாது. முதல் ஒரு மாதம் அதை இறுக்கியே வையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, தோப்புக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்.

மூன்றாவதுதான் உங்கள் முதல் கேள்வி: ஏன் திரும்பவில்லை?

நம்மூர் மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சு அசையாமல் நிற்கும், இரண்டு சக்கரமும் கடையாணிக்கு உள்ளே தனித்தனியாகச் சுற்றும். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓடும், தகராறு இல்லை. காரிலும் டிராக்டரிலும் அதே வேலையை டிஃபரன்ஷியல் செய்கிறது. ஆனால் நிறைய ஏ.டி.வி.களில் பின் அச்சும் இரண்டு சக்கரமும் ஒரே துண்டு மாதிரி. ரயில் சக்கரம் போல இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். உள்சக்கரம் கொஞ்சமாவது சறுக்கினால்தான் வண்டி திரும்ப முடியும். சறுக்காவிட்டால் முன்சக்கரத்தை நீங்கள் எவ்வளவு ஒடித்தாலும் பின்னால் இருப்பது நேராகத் தள்ளிக்கொண்டே இருக்கும். டிராக்டரில் இரண்டு பின்சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டுகிற டிஃப் லாக்கை மிதித்துக்கொண்டு திருப்பிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

உங்கள் வண்டி எந்த ரகம் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். நியூட்ரலில் போட்டு, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அடுத்த சக்கரமும் அதே திசையில் சுற்றினால் பூட்டிய அச்சு. எதிர்த்திசையில் சுற்றினால் டிஃபரன்ஷியல் இருக்கிறது. தோப்பு வேலைக்கு வருகிற பெரிய வண்டிகளில் இதற்கென்று சுவிட்சே இருக்கும், அதைத் திருகி இரண்டு நிலையிலும் சோதியுங்கள்.

பூட்டிய அச்சு என்றால் திருப்புகிற முறை இது. திருப்பத்துக்கு முன்பே, நேராக இருக்கும்போதே, பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள். சீட்டில் அரை அடி முன்னே நகருங்கள். மார்பையும் தோளையும் திரும்புகிற பக்கம் சாயுங்கள், ஆனால் காலின் அழுத்தம் வெளிப்பக்கப் பலகையில் இருக்கட்டும். முரணாகத் தோன்றும். மேல் உடம்பு உள்ளே சாய்வது வண்டி கவிழாமல் இருக்க, வெளிக்காலை அழுத்துவது உள்பக்கப் பின்சக்கரத்தின் மேல் சுமை குறைந்து அது சறுக்க. கண் போக வேண்டிய இடத்தில் இருக்கட்டும். மரத்தைப் பார்த்தால் மரத்துக்குத்தான் போவீர்கள். கட்டைவிரல் ஒரே சீராக. திருப்பத்தின் நடுவில் பட்டென்று விடுவதும் கூடாது, கூட்டுவதும் கூடாது.

பைக் மாதிரி வண்டியையே சாய்த்துத் திருப்பலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இது சாயாது, உள்பக்கச் சக்கரம் தூக்கிக்கொள்ளும். காட்பாடி பாகாயம் ஷேர் ஆட்டோவில் போனவர்களுக்குத் தெரியும், வேகமாக ஒடித்தால் உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் வெளிப்பக்கம் சரிவார்கள், டிரைவர் மட்டும் உள்ளே சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. சொல்லப்போனால் இந்த வண்டிகளும் ஆரம்பத்தில் மூன்று சக்கரம்தான். ஹோண்டா 1970-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது மூன்று சக்கர வண்டி. 1980-களில் சுசுகி நாலு சக்கரம் கொண்டுவந்தது. மூன்று சக்கரத்தில் விபத்துகள் பெருகியதால் 1988-ல் அமெரிக்க அரசோடு செய்த ஒப்பந்தப்படி நிறுவனங்கள் அதை விற்பதையே நிறுத்தின. நாலு சக்கரம் வந்ததும் கவிழாது என்று நினைத்தார்கள். கவிழ்கிறது. ஆஸ்திரேலியாவில் பண்ணை விபத்துகள் தாங்காமல் 2021 அக்டோபர் முதல் புதிதாக விற்கும் ஒவ்வொரு பண்ணை வண்டியிலும் கவிழ்ந்தால் ஆள் நசுங்காமல் காக்கும் வளைவு இருக்கவேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். அங்கேயும் விபத்தில் சிக்கியவர்களில் உங்களைப் போல விவசாய வேலைக்கு ஓட்டினவர்கள் நிறையப் பேர்.

இப்போது பழகும் விதம். வேர்க்கடலை பிடுங்கின கொல்லை மாதிரி மட்டமான, கல் இல்லாத இடம் அரை ஏக்கர் போதும். இரண்டு பழைய லாரி டயரை முப்பதடி இடைவெளியில் போடுங்கள். முதல் இரண்டு நாள் அதைச் சுற்றி நீள்வட்டம், வலப்பக்கமாகப் பத்து, இடப்பக்கமாகப் பத்து. பெரும்பாலானவர்களுக்கு ஒரு பக்கம் நன்றாக வரும், மறுபக்கம் வராது. வராத பக்கத்தை அதிகம் ஓட்டுங்கள். அப்புறம் எட்டுப் போடுவது, ஆர்.டி.ஓ. மைதானத்தில் போட்டீர்களே அதேதான். வேகம், ஓர் ஆள் வேகமாக நடக்கிற அளவு. எட்டின் நடுவில் உடம்பை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றுகிற அந்த ஒரு நொடிதான் முழுப் பயிற்சியும். அங்கே கால் தடுமாறுகிறதா, கட்டைவிரல் அமுங்குகிறதா என்று கவனியுங்கள். எட்டு அலுத்துப்போகிற அளவு சுலபமாகிற வரைக்கும் மேட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பவேண்டாம். எனக்கு அலுக்க ஒன்பது நாள் ஆனது.

மேடு. இதற்கும் மாட்டு வண்டிதான் வாத்தியார். முன்பாரம் பின்பாரம் பார்க்காமல் எந்த வண்டிக்காரரும் கிளம்பமாட்டார். மேட்டில் ஏறும்போது பின்பாரம் ஆகி நுகத்தடி மேலே தூக்கினால் பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும், அதனால் அவர் முன்னால் நகர்ந்து மூக்கணைப் பக்கம் வந்து உட்காருவார். இறக்கத்தில் பின்னால் போவார். ஏ.டி.வி.யின் சீட் ஏன் அவ்வளவு நீளமாக இருக்கிறது தெரியுமா? உங்கள் வீட்டுக்காரம்மா உட்காருவதற்காக இல்லை. நீங்கள் முன்னும் பின்னும் நகர்வதற்காக. இரண்டு பேர் போகலாம் என்று தயாரிப்பாளரே சொன்ன மாடல் தவிர மற்றதில் இன்னொருவரை ஏற்றினால், நகர இடமில்லாத பின்பாரத்தைக் கட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று அர்த்தம்.

உங்களுக்கு முன்சக்கரம் தூக்கிய அன்று பின் கேரியரில் என்ன இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. என் ஊகம், மூட்டை இருந்திருக்கும். இப்போதைய யூரியா மூட்டை 45 கிலோ. இரண்டு மூட்டையைப் பின்னால் கட்டி, சீட்டின் நடுவில் உட்கார்ந்து, மேட்டின் அடியில் கட்டைவிரலை அழுத்தினால் தூக்காமல் என்ன செய்யும்? கேரியரில் எத்தனை கிலோ என்று ஒட்டின ஸ்டிக்கர் இருக்கும், முன் கேரியருக்கும் பின் கேரியருக்கும் தனித்தனியாக. பழைய வண்டியில் அது உரிந்துபோயிருந்தால் மாடல் பெயரை வைத்துத் தேடி எடுத்து பெயிண்டால் எழுதிவையுங்கள். மூட்டையைவிட மோசமானது பாதி நிரம்பின மருந்து டேங்க். சரிவில் தண்ணீர் தாழ்ந்த பக்கம் ஓடும், அதாவது வண்டி எந்தப் பக்கம் கவிழப் பார்க்கிறதோ அந்தப் பக்கமே பாரமும் போகும். மேட்டுப் பக்க மரங்களுக்கு மருந்தடிக்க டேங்கை மட்டத்திலேயே நிறுத்தி, நீள ஹோஸ் இழுத்துக்கொள்வது நல்லது.

ஏறும் முறை: முதலில் நடந்து ஏறிப் பாருங்கள். உச்சியில் அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாத மேட்டில் ஏறவேண்டாம். அடியிலேயே லோ கியரில் போட்டுவிடுங்கள். பல ஏ.டி.வி.களில் எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது ஒரு பெல்ட், ஸ்கூட்டியில் இருக்கிற அதே வகைதான். ஹை கியரில் மெதுவாக மேடு ஏற்றினால் பெல்ட் வழுக்கிச் சூடேறிக் கருகும், அந்த வாசனை வந்தால் பணம் எரிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சீட்டின் முன்னோரத்துக்கு நகர்ந்து, நெஞ்சு ஹேண்டில்பாருக்கு மேல் வருகிற மாதிரி குனிந்து, நேராக ஏறுங்கள். குறுக்கே இல்லை, சாய்வாக இல்லை, நேராக. எவ்வளவு சரிவு வரைக்கும்? சில நிறுவனங்களின் கையேடு 15 டிகிரியோடு நிறுத்துகிறது. பத்தடி போனால் ஏறக்குறைய இரண்டேமுக்கால் அடி ஏறுகிற மேடு அது. பார்வைக்கு ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும்.

பாதி மேட்டில் வண்டிக்கு மூச்சு நின்றுவிட்டால்? எல்லாரும் தப்பு செய்வது இங்கேதான், அதனால் நின்று சொல்கிறேன். வண்டி பின்னால் உருள ஆரம்பித்தால் கை பதறி ஆக்சிலேட்டரை அழுத்தும், அல்லது கால் பதறிப் பின் பிரேக்கைப் பட்டென்று மிதிக்கும். இரண்டுமே வண்டியை உங்கள் மேல் மல்லாத்திவிடும். பின்னோக்கி உருளும் வண்டியில் பின்சக்கரம் மட்டும் பூட்டிக்கொண்டால் முன்பக்கம் அதைச் சுற்றி மேலே எழும். செய்யவேண்டியது: உடம்பு முன்னாலேயே இருக்கட்டும், கட்டைவிரலை விடுங்கள், முன் பிரேக்கை மெதுவாக, சீராகப் பிடியுங்கள். முழுக்க நின்ற பிறகு பார்க்கிங் பிரேக் போடுங்கள். மேட்டுப் பக்கமாக இறங்குங்கள். அப்புறம் என்ன செய்யலாம் என்று நிதானமாக யோசிக்கலாம். இரண்டு ஆள் இருந்தால் கயிறு போட்டுப் பிடித்துக்கொண்டு இறக்கலாம். இதை மேட்டில் போய்க் கற்றுக்கொள்ள முடியாது. முழங்கால் உயரச் சரிவில் வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி முப்பது முறை செய்து பாருங்கள். வண்டி பின்னால் நகரும்போது கை தானாக முன் பிரேக்குக்குப் போகவேண்டும்.

இறக்கம் இதைவிடச் சுலபம். பின்னால் நகர்ந்து, கையை நீட்டி, லோ கியரில், நேராக இறங்குங்கள். ஒரு நுணுக்கம் மட்டும்: பெல்ட் வண்டிகள் சிலவற்றில் ஆக்சிலேட்டரை முழுக்க விட்டால் கிளட்ச் பிரிந்து, வண்டி நியூட்ரலில் போவது மாதிரி ஓடும். எஞ்சின் பிடிக்கவில்லை என்று தோன்றினால் கட்டைவிரலை ஒரு நூல் அழுத்தினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். இதையும் சின்னச் சரிவில் சோதித்து, உங்கள் வண்டி எப்படி என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

சரிவில் குறுக்கே போவதைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. தவிர்க்கமுடிந்தால் தவிர்த்துவிடுங்கள். போயே ஆகவேண்டும் என்றால் உடம்பை மேட்டுப் பக்கம் சாய்த்து, மிக மெதுவாக. கவிழ்கிற மாதிரி இருந்தால், கீழே தடை இல்லையென்றால் ஹேண்டிலைப் பள்ளத்துப் பக்கம் திருப்பி நேராக இறங்கிவிடுங்கள். முடியாவிட்டால் மேட்டுப் பக்கம் குதித்துவிடுங்கள், வண்டி போகட்டும்.

இனி டயர். நான் பார்த்த பாதிப் பிரச்சினைக்குக் காரணம் பஞ்சர் கடை. போன வருடம் என் வண்டிக்கு முள் எடுத்து ஒட்டின தம்பி, பழக்கத்தில் பைக்குக்கு அடிக்கிற மாதிரி 25 பவுண்டு காற்று அடித்துக் கொடுத்துவிட்டார். தோப்புக்கு வருவதற்குள் கல்லுக்குக் கல் பந்து மாதிரி குதித்தது. இந்த டயர்களுக்குத் தேவை பெரும்பாலும் 4 முதல் 7 பவுண்டுக்குள்தான். சரியான எண் வண்டியில் ஒட்டின ஸ்டிக்கரில் இருக்கும். பெட்ரோல் பங்க் மீட்டர் அவ்வளவு குறைவாக ஒழுங்காகக் காட்டாது. குறைந்த அழுத்தத்துக்கென்றே இருக்கிற சின்ன கேஜ் ஒன்று வாங்கி, சைக்கிள் பம்பால் நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். காலையில் டயர் சூடேறுவதற்கு முன் பாருங்கள், வேலூர் வெயிலில் மதியம் பார்த்தால் எண் ஏறித்தான் காட்டும். இடது வலது இரண்டும் சமமாக இருக்கவேண்டும். ஒரு பவுண்டு வித்தியாசம் பைக்கில் தெரியாது, 5 பவுண்டு டயரில் அது ஐந்தில் ஒரு பங்கு. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முதலில் கேஜை எடுங்கள், மெக்கானிக்கை அப்புறம் கூப்பிடலாம். வேலிகாத்தான் முள் நம் ஊரில் இல்லாத இடமில்லை, அதனால் பஞ்சர் பிளக் பெட்டி ஒன்று சீட்டுக்கு அடியிலேயே இருக்கட்டும்.

மணல், சேறு, தண்ணீர் மூன்றும் உங்கள் தோப்பு ஓடையிலேயே கிடைக்கும். மணலில் நின்றால் புதையும், அதனால் கொஞ்சம் பின்னால் சாய்ந்து, ஒரே சீரான ஓட்டத்தில் போங்கள், நிறுத்த நினைத்தால் பிரேக் வேண்டாம், விட்டாலே நிற்கும். சேற்றில் சக்கரம் சும்மா சுற்ற ஆரம்பித்தால் உடனே விடுங்கள். சுற்றச் சுற்றக் குழி ஆழமாகும். தென்னை மட்டையோ பனை மட்டையோ சக்கரத்துக்கு முன்னால் திணித்து, மெதுவாக எடுங்கள். தண்ணீரில் கோல் விட்டு ஆழம் பார்க்காமல் இறங்கக் கூடாது, கால் பலகைக்கு மேல் தண்ணீர் வந்தால் பெல்ட் பெட்டிக்குள் போய்விடும், நனைந்த பெல்ட் வழுக்கும். கரையேறியதும் பிரேக்கை லேசாக நாலைந்து முறை பிடித்துக் காயவையுங்கள். ஈர டிஸ்க் முதல் பிடியில் பிடிக்காது.

பாறை வேறு கதை. நம்ம பக்கத்து மலையடிவாரம் முழுக்க உருண்டைக் கருங்கல், மேலே மண் மூடியிருக்கும். இடுப்பைச் சீட்டிலிருந்து தூக்கி, முழங்காலை மடக்கி, அரை நிலையில் நில்லுங்கள். கல் வண்டியைத் தூக்கட்டும், உங்களைத் தூக்கவேண்டாம். சக்கரத்தைக் கல்லின் மேலேயே ஏற்றுவதா, பக்கத்தில் விடுவதா? வண்டியின் நடுவயிற்றில் இடிக்கிற உயரம் இருந்தால், ஒரு சக்கரத்தை அதன் மேல் ஏற்றி மெதுவாகக் கடப்பது பாதுகாப்பு. இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டால் அடித்தட்டு மாட்டி, நாலு சக்கரமும் காற்றில் சுற்றும். எனக்கு ஒருமுறை அப்படி மாட்டி, கடப்பாரை கொண்டுவர வீட்டுக்கு நடந்து போய் வந்தேன்.

எங்கே பழகுவது? உங்கள் 9 ஏக்கருக்குள். சும்மா சொல்லவில்லை, வெளியே போனால் சிக்கல். பதிவு எண் இல்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 39-வது பிரிவு அனுமதிக்காது, ஊராட்சி ரோடும் பொதுச் சாலைதான். தார் ரோடு இந்த வண்டிக்கும் ஆகாது, மென்மையான டயரும் பூட்டிய அச்சும் தாரில் கண்டபடி பிடித்து இழுக்கும். மலைமேல் போகலாம் என்று ஆசை வரும். குடியாத்தம், பேரணாம்பட்டு மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடு. தமிழ்நாடு வனச் சட்டம் 1882 இன்னும் நடப்பில் இருக்கிறது, அனுமதியில்லாமல் உள்ளே போவதே குற்றம். தவிர, ஆந்திராவின் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து யானைகள் மோர்தானா பக்கம் இறங்குவது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எஞ்சின் சத்தத்தில் யானை இருப்பது உங்களுக்குக் கேட்காது, நீங்கள் வருவது அதற்குக் கேட்கும்.

பாலாற்று மணலைப் பார்த்து நிறையப் பேருக்குக் கை அரிக்கிறது. தண்ணீரில்லாத ஆறு என்று ஊரே கேலி செய்கிற ஆறுதான், ஆனால் 2021 நவம்பரில் அது இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்தோம். வெள்ளம் வடிந்தபிறகு மணல் எங்கே மேடு, எங்கே பழைய மணல் குழி என்று யாருக்கும் தெரியாது. குழியின் மேல் மெல்லிய மணல் மூடியிருந்தால் முன்சக்கரம் போய்த்தான் கண்டுபிடிக்கும். அங்கே போகாதீர்கள். ஏரிக்கரை மேல் ஏற்றிப் பழகுவதும் வேண்டாம், டயர் உழுத தடத்தில் அடுத்த மழைக்குக் கரை அரிக்கும், ஊரில் யாரும் சும்மா விடமாட்டார்கள். விடவும் கூடாது. சுற்றுலா இடங்களில் காசு கொடுத்து ஓட்டும் பத்து நிமிடச் சுற்றும் பழக்கத்துக்கு உதவாது. நல்ல பயிற்சியாளர் இருக்கிற இடமென்றால், கூட்டமில்லாத நாளில் போய், எட்டு மட்டும் போடுகிறேன் என்று கேட்டுப்பாருங்கள். ஒத்துக்கொள்கிறவர் விஷயம் தெரிந்தவர்.

போட்டுக்கொள்வது பற்றி: முகம் முழுக்க மூடுகிற ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, முழுக்கை, கணுக்காலுக்கு மேல் வருகிற ஷூ. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ தைத்து உலகத்துக்கு அனுப்புகிற வட்டாரத்துக்காரர்கள் நாம், வண்டி ஓட்டுவது மட்டும் ரப்பர் செருப்பில். மாங்கிளை தாழ்ந்திருக்கும் தோப்பில் கண்ணாடி இல்லாமல் ஓட்டாதீர்கள். வெயிலில் ஹெல்மெட் தாங்காது என்பது உண்மைதான், அதனால் காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் பழகிவிடுங்கள். கிளம்பும் முன் வண்டியை ஒரு சுற்று பாருங்கள்: டயர் காற்று, சக்கர நட்டு, இரண்டு பிரேக், ஆக்சிலேட்டர் விட்டதும் தானாகத் திரும்புகிறதா, ஆயில், செயின். ஆக்சிலேட்டர் திரும்பும்போது ஒட்டினால் அன்றைக்கு வண்டியை எடுக்கவே வேண்டாம். பழைய வண்டிகளில் கேபிளுக்குள் மண் போய் ஒட்டுவது சகஜம், கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். தனியாகப் போனால் எந்தப் பக்கம் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

பையன் விஷயம். பெரியவர்கள் வண்டியை 16 வயதுக்குக் கீழே தரக்கூடாது என்பதுதான் தயாரிப்பாளர்கள் எல்லாரும் வண்டியிலேயே ஒட்டியிருக்கிற எச்சரிக்கை. பயப்படுவான் என்பதற்காக இல்லை, பயப்படமாட்டான். ஆனால் நான் மேலே சொன்ன எல்லாமே பாரத்தை நகர்த்துகிற வேலை, 35 கிலோ பையனுக்கு 200 கிலோ வண்டியை அடக்கப் பாரம் போதாது. முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போவதும் வேண்டாம், உங்கள் கை திரும்பவும் இடமிருக்காது, நீங்கள் முன்னே நகரவும் முடியாது. சிறுவர்களுக்கென்றே சின்ன எஞ்சின் வண்டிகள் வருகின்றன, வாங்கிக்கொடுக்க முடிந்தால் அதுவும் நீங்கள் எட்டுப் போட்டு முடித்தபிறகு. அதுவரை லாரி டயரை உருட்டிக்கொண்டுவந்து வைக்கிற வேலையும், "விடு" என்று கத்துகிற வேலையும் அவனுக்குக் கொடுங்கள். சாவியை மட்டும் ஆணியில் மாட்டாதீர்கள்.